சென்னையில் தாத்தா பாட்டியை எங்கே கூட்டிப்போனால் சந்தோஷப்படுவார்கள்?

"மாதத்துக்கு ஒரு ஞாயிறு தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகிறோம். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் மனசு நிறைகிற மாதிரி சென்னையில் எங்கே கூட்டிப்போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் எங்கே சுற்றித் திரிந்தார்களோ அங்கே போங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூடவே அழைத்துப் போங்கள். இது எங்களுக்குப் புரியவே நான்கு வருஷம் ஆனது.

என் அம்மாவின் அப்பாவுக்கு இப்போது 85 வயது, பாட்டிக்கு 79. பெரம்பூரில் இருக்கிறார்கள். தாத்தா ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி செய்கிற வேலை பார்த்தவர், பிறந்து வளர்ந்தது சூளை. பாட்டி மயிலாப்பூர்ப் பெண். நாங்கள் முதலில் அவர்களைக் கூட்டிப்போனது ஒரு மாலுக்கு. வெயில் படாது, ஏசி இருக்கும், உட்கார இடம் இருக்கும் என்று நினைத்தோம். பாட்டி எஸ்கலேட்டர் முன்னால் நின்று ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. லிஃப்டைத் தேடிப் பிடித்து மேலே போனால், மூன்று மணி நேரம் ஒரு பெஞ்சில் எங்கள் பைகளுக்குக் காவல். வீட்டுக்கு வந்ததும் "நல்லா இருந்துச்சு கண்ணு" என்றார். அது எனக்காகச் சொன்னது என்பது, ராத்திரி அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அப்புறம் ஒருநாள் தாத்தாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். மாமாதான் கார் ஓட்டினார். சென்ட்ரலைத் தாண்டி நேரு ஸ்டேடியம் பக்கம் வரும்போது தாத்தா ஜன்னலில் விரலை வைத்து என் மகனிடம், "இங்கதான்டா உயிர் காலேஜ் இருந்துச்சு" என்றார். அவனுக்கு ஏழு வயது. "காலேஜுக்கு உயிர் இருக்குமா தாத்தா?" என்று கேட்டான். அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வாசல் வரை தாத்தா வாய் மூடவில்லை.

பழைய மெட்ராஸில் மிருகக்காட்சிச் சாலைக்கு உயிர் காலேஜ் என்றும், எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர். ஒன்றில் உயிரோடு இருக்கிற மிருகங்கள், மற்றதில் பாடம் பண்ணி வைத்தவை. இரண்டும் உண்மையிலேயே ஒரே வீட்டுப் பிள்ளைகள். மியூசியம் 1851இல் வந்தது. 1855இல் அதன் வளாகத்திலேயேதான் மிருகக்காட்சிச் சாலையும் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்து, அங்கேயே நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1985இல் வண்டலூருக்குப் போனது. அதே வருஷம்தான் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. "ஒரே வருஷத்துல ரெண்டும் போச்சு" என்றார் தாத்தா. சூளையிலிருந்து நடந்தே போய் சிங்கத்தைப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்தைப் புரட்டி, கடைக்காரர் விரட்டியதும் ஓடிவருவார்களாம். கண் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்த ஒரு மணி நேரமும் இதே பேச்சு.

அடுத்த ஞாயிறே செத்த காலேஜுக்குக் கிளம்பிவிட்டோம். (வெள்ளிக்கிழமை மட்டும் மியூசியம் விடுமுறை, பார்த்துப் போங்கள்.) படிகள் இருக்கின்றன, மெதுவாகத்தான் ஏறினார். திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே வந்ததும் கைத்தடியைத் தூக்கி விலா எலும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி எண்ண ஆரம்பித்தார். என் மகனும் கூடவே எண்ணினான். பாதியில் இரண்டு பேருக்கும் கணக்குத் தப்பியது. தாத்தா சிரித்துக்கொண்டே, "எனக்கும் என் தம்பிக்கும் இதே சண்டைதான். ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும். அவன் ஒண்ணு கூட்டிச் சொல்லுவான்" என்றார்.

தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். என் அம்மாவே அவரை ஒரு போட்டோவில் பார்த்ததோடு சரி. கல்யாணத்துக்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அறுபது வருஷமாக வீட்டில் எடுக்காத பேச்சு, ஒரு திமிங்கலத்தின் விலா எலும்புக்குக் கீழே நின்று வந்தது. என் மகன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி முதல்லேர்ந்து எண்ணலாமா?" என்று கேட்டான். எண்ணினார்கள்.

அதனால்தான் இடத்தை அவர்களிடமே கேளுங்கள் என்கிறேன். கேட்கிற விதமும் முக்கியம். "உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "என்னத்த, கஷ்டந்தான்" என்று முடிந்துவிடும். "ஸ்கூலுக்கு எந்தத் தெரு வழியா போவீங்க?", "காலணா கிடைச்சா என்ன வாங்குவீங்க?" என்று சின்னதாகக் கேளுங்கள். பாட்டியிடம் டிராமில் போயிருக்கிறீர்களா என்றுதான் கேட்டேன். மெட்ராஸில் டிராம் 1895இல் ஓட ஆரம்பித்து 1953 ஏப்ரலில் நின்றுபோனது, அப்போது பாட்டிக்கு ஏழு வயது இருந்திருக்கும். லஸ் முனையில் அவர் அப்பா தூக்கி ஏற்றிவிட்டது, டிரைவர் காலால் மிதித்தால் மணி அடிப்பது, அந்த மணியைத் தானும் ஒரு தடவை மிதிக்க வேண்டும் என்று அழுதது, எல்லாம் வந்தது. காலையில் பி.பி. மாத்திரை போட்டோமா என்று சந்தேகப்படுகிற அதே பாட்டிதான்.

வயதானவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் உள்ள நினைவுகள்தான் மற்றதைவிட அதிகமாக மேலே வரும் என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். பழசையே பேசிக்கொண்டிருந்தால் மூளை தளர்ந்துவிட்டது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, அது மனசுக்குத் தேவையான ஒரு வேலை என்று எழுதினார். இதைப் படித்த பிறகு "இதை ஏற்கெனவே சொல்லிட்டீங்க தாத்தா" என்பதை நான் விட்டுவிட்டேன். அந்த வார்த்தை அவர்கள் வாயை அடைத்துவிடும். அதே கதையில் ஒரு மூலையைப் பிடித்துக் கேளுங்கள். "சரி, அந்தக் கடைக்காரர் என்ன சொல்லித் திட்டினார்?" என்றால் இதுவரை வராத ஒரு துண்டு வரும். சிலது வலிக்கும், அதை அவர்களாகச் சொன்னால் ஒழிய நோண்ட வேண்டாம்.

மெரினாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாட்டி முழங்கால் வலியால் பன்னிரண்டு வருஷமாகக் கடற்கரையில் இறங்கவே இல்லை. மணலில் கால் புதையும், நடக்க முடியாது. சாலையில் காரை நிறுத்தி, தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் போவதற்காக 2022 நவம்பரில் ஒரு மரப் பாதை போட்டார்கள், 263 மீட்டர் நீளம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, மறுபடி சரிசெய்தார்கள். அதில் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். காலை ஆறரை மணி, கூட்டம் இல்லை. பாதை முடிகிற இடத்திலிருந்து அலை இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. பாட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார், எதுவும் கேட்கவில்லை. என் மகன்தான் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு ஓடிப்போய்க் கடல் தண்ணீரைப் பிடித்துவந்து அவர் பாதத்தில் ஊற்றினான். பாட்டி புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரல்களை விரித்தார். நகத்துக்கு இடையில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்றார். ஐந்து தடவை ஓடினான்.

நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியும் நல்ல இடம், பொம்மைக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மட்டும் வேண்டாம், நெரிசலை அவர்களால் தாங்க முடியாது. அங்கே பாட்டி பேரம் பேசி ஒரு மரச் சொப்பு வாங்கினார். கொள்ளுப்பேரனுக்கு என்றுதான் சொன்னார், ஆனால் அது இப்போது அவர் சமையலறைத் தட்டில்தான் இருக்கிறது.

வீட்டுக்குப் போகிற ஞாயிறு பற்றியும் ஒன்று சொல்கிறேன். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். "பதினொண்ணு, பன்னெண்டு ஆகும்" என்று நாம் சும்மா சொல்வோம், அவர்கள் ஒன்பது மணியிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டி சனிக்கிழமையே புளி கரைத்துவைத்துவிடுவார். மீன் குழம்பு வைக்க வேண்டாம், வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. இப்போது நான் போய் மீனைக் கழுவிக் கொடுக்கிறேன், குழம்பு அவர் கையால்தான். பேச்சு நடப்பதும் அந்தச் சமையலறையில்தான்.

வெளியே போவதென்றால் அரை நாள் போதும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கடற்கரை, தெரு மாதிரி வெட்டவெளி என்றால் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், இல்லை நாலரைக்கு மேல். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் "நான் வரலப்பா" என்று சொல்வதற்கு அதுதான் காரணம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வண்டலூர் தொடங்கி நாற்பது வருஷம் ஆகியும் தாத்தா ஒருமுறைகூட அங்கே போனதில்லை. "அது நம்ம உயிர் காலேஜ் இல்ல" என்பார். போன வாரம் அவராகவே போன் பண்ணி, "வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை லீவாம், பையனுக்கு எப்போ லீவு?" என்று கேட்டார். உள்ளே பேட்டரி வண்டி இருக்கிறது, நடக்க வேண்டாம் என்று சொன்னேன். "சிங்கம் இருக்குற இடத்துல மட்டும் இறங்கிக்கலாம்" என்றார். பின்னால் பாட்டி, வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டட்டுமா, எலுமிச்சை சாதம் கட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.