மலத்தொட்டியை நான்கு மாதத்தில் திறக்கலாமா?

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் ஈகோசான் கழிப்பறை கட்டியிருக்கிறோம். சிறுநீரைத் தக்காளி நாற்றுகளுக்கு ஊற்றினேன், இலைகள் கருகிவிட்டன. கேனைத் திறந்தாலே நெடி தாங்க முடியவில்லை. முதல் மலத்தொட்டி நிரம்பி, மூடி நான்கு மாதம் ஆகிறது. அதை எடுத்து அதே பாத்திக்கு எருவாகப் போடலாமா ஐயா?

பதில்: எருவை இப்போது எடுக்கவே கூடாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்தில் மலம் காய்ந்து, நாற்றமும் அடங்கி, பார்க்க மண் போலவே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உருண்டைப்புழுவின் முட்டைக்கு ஓடு தடிமன். மற்ற கிருமிகள் செத்த பிறகும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் இடங்களில் ஓராண்டுக்கு மேலும், அதைவிடக் குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டும் தொட்டியை ஆறப்போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மலம் கடைசியாக விழுந்த நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு. அதற்குள் இரண்டாவது தொட்டி நிரம்பிவிடும் போலிருந்தால் மூன்றாவதாக ஒன்று கட்டுங்கள். முதல் தொட்டியின் கெடுவைக் குறைக்காதீர்கள்.

மலம் கழிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கை சாம்பல் தூவ வேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், காரத்தன்மையை ஏற்றும். இரண்டுமே கிருமிக்கு ஆகாது. சாம்பல் போதாவிட்டால் காய்ந்த மண்ணோடு சுண்ணாம்புத்தூள் கலந்து தூவலாம். கழுவும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மலத்தொட்டிக்குள் போகக்கூடாது. ஈரம் புகுந்தால் புழு, ஈ, நாற்றம் எல்லாம் சேர்ந்தே வரும்.

சிறுநீரின் கதை வேறு. மலமும் சிறுநீரும் சேர்ந்து வெளியேறும் சத்தில் தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதியும், மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பாதிக்கு மேலும் சிறுநீரில்தான் இருக்கிறது. வளர்ந்த ஒருவரிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 500 லிட்டர் கிடைக்கும். சாப்பாட்டைப் பொறுத்து அதில் 2 முதல் 4 கிலோ தழைச்சத்து இருக்கும். 3 கிலோ என்று வைத்தாலும் ஆறரை கிலோ யூரியாவுக்கு ஈடு. ஒருவருடையது 300 முதல் 400 சதுர மீட்டரில் ஒரு பயிருக்குக் காணும். இவ்வளவு சத்தைத் தண்ணீரோடு கலந்து சாக்கடையில் விட்டுவிட்டு உர மூட்டை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. நீங்கள் பிரிக்கத் தொடங்கியதே பெரிய காரியம்.

அந்த நெடி அம்மோனியா, அதாவது உங்கள் தழைச்சத்துதான் காற்றில் போகிறது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் கேனில் பிடியுங்கள், உலோகம் அரித்துவிடும். சிறுநீர் இறங்கும் குழாயின் முனை கேனின் அடிவரை போகட்டும். மேலிருந்து விழுந்து தெறித்தால் நெடி கூடும். ஒரு மாதம் மூடி வைத்தால் கார அமில நிலை (pH) 9-ஐத் தொடும். அந்தக் காரமே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். இது உங்கள் வீட்டுச் சமையலுக்கான தோட்டத்துக்குப் போதும். விளைந்ததை வெளியே விற்பதானால் ஆறு மாதம் வையுங்கள். அடியில் படியும் வண்டலில் மணிச்சத்து இருக்கிறது. கேனை நன்றாகக் குலுக்கிவிட்டே ஊற்றுங்கள்.

நாற்று கருகியதற்குக் காரணம், தண்ணீர் கலக்காமல் இலைமேல் ஊற்றியதாகத்தான் இருக்கும். இளஞ்செடிக்கு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், வேர் பிடித்த பிறகு ஐந்து பங்கு. வெயில் தாழ்ந்த நேரத்தில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு பள்ளம் எடுத்து ஊற்றி உடனே மண்ணை மூடுங்கள். சதுர மீட்டருக்கு ஒரு பயிர்க்காலம் முழுவதற்கும் ஒன்றரை லிட்டர் சிறுநீர் போதும், பிரித்துக் கொடுங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சிறுநீரில் உப்பு இருப்பதால், உவர் மண்ணாக இருந்தால் இந்த முறையே வேண்டாம்.

ஆண்டு முடிந்து எடுக்கும் மல எருவைத் தக்காளிப் பாத்திக்கோ, கீரைக்கோ, கிழங்குக்கோ போடாதீர்கள். வாழைக்கோ பழமரத்துக்கோ குழி எடுத்து அடியில் போட்டு, மேலே ஒரு சாண் மண் மூடுங்கள். கையுறையும் தனி மண்வெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். கருகிய நாற்றுகளுக்கு இரண்டு நாள் வெறும் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சிப் பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் தழைத்துவிடும்.