"அடினோமா"வா, மாற்றமடைந்த செல் திட்டா?

வணக்கம் தங்கச்சி. மருந்து புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்கும் இரண்டு வருட ஆய்வில், எலியின் ஈரல் ஸ்லைட் ஒன்றை ஒரு நோயியலாளர் "செல் திட்டு" (கட்டியாகாத, மாறிய செல்களின் தொகுதி) என்றும் மற்றவர் "அடினோமா" (தீங்கற்ற கட்டி) என்றும் எழுதியிருக்கிறார்கள், எதை அட்டவணையில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள நச்சியல் நோயியல் ஆட்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். திட்டில் ஈரல் செல் வரிசைகள் சுற்றியுள்ள வரிசைகளோடு இயல்பாகப் போய்ச் சேரும், நுண்மடல் (ஈரலின் சிறு அலகு) அமைப்பும் அப்படியே இருக்கும். அடினோமாவில் அந்த அமைப்பு குலைந்திருக்கும், அக்கம்பக்கத் திசு நசுங்கியிருக்கும், வரிசைகள் ஓரத்தில் முட்டி நிற்கும். வரிசைகள் பல செல் தடிப்பாகி, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவியிருந்தால் கார்சினோமா (புற்றுநோய்க் கட்டி). அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், பெரிய திட்டுகளும் உண்டு.

புள்ளிவிவரத்தில் அடினோமாவையும் கார்சினோமாவையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்ப்பார்கள். திட்டுகளை அந்தக் கூட்டுத்தொகையில் சேர்க்கவே கூடாது. ஒரு மருந்தின் தலைவிதியே அதில் மாறிவிடும்.

பழைய அறிக்கைகளில் "நியோபிளாஸ்டிக் நொடியூல்" (ஈரல் முடிச்சுகளுக்கு அன்று வைத்த பெயர்) என்று இருந்தால் அப்படியே ஒப்பிடாதீர்கள், இப்போது அந்தப் பெயர் வழக்கில் இல்லை. எலி, சுண்டெலித் திசு மாற்றங்களுக்குப் பொதுவான பெயர்களை வகுக்கும் சர்வதேச இன்ஹாண்ட் (INHAND) குழு 2010இல் வெளியிட்ட ஈரல் பகுதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இருவரும் எந்த மருந்தளவுக் குழு எலி என்று தெரியாமல் அந்த ஸ்லைட்டைச் சேர்ந்து திரும்பப் பார்க்கட்டும்.