சேலத்து ஹாலில் கடல் தொட்டி: காசு கொடுக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஹாலில் நாலடி கடல்நீர் மீன் தொட்டி வைக்க ஆசை. ஒரு கடையில் எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய் சொல்கிறார்கள். தொட்டி, ஸ்டாண்டு, லைட், ஃபில்டர், உப்பு, லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை), ஒரு ஜோடி க்ளௌன் மீன், ஒரு நீல டேங் மீன், நாலு பவளம், பெரிய கிளாம் சிப்பி ஒன்று, எல்லாம் இதில் அடக்கம். ஒரே நாளில் செட் பண்ணி மீனும் விட்டுத் தருவார்களாம். பில் கேட்டால், "உயிருள்ள அயிட்டத்துக்கெல்லாம் பில் கிடையாது சார்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: இந்தப் பட்டியலை இப்படியே வாங்க வேண்டாம். பில் ஏன் வரவில்லை என்பதில் இருந்தே தொடங்குவோம். பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அதில் உண்டு. கிளாம்களில் தொட்டிக்காரர்கள் அதிகம் விரும்பும் டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா இரண்டும் உண்டு. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளைக் குறைத்தபோதும் பவளம் அங்கேயேதான் இருக்கிறது. இதில் மாட்டினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். விற்றவரோடு வீட்டில் வைத்திருப்பவரும் சேர்ந்துதான் மாட்டுவார்.

"இது இந்தோனேசியா பண்ணையில் வளர்த்தது" என்று சொல்வார்கள். சரி, அப்படியானால் அரிய உயிர்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதி எங்கே, இறக்குமதிப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். கல் பவளமும் ராட்சதக் கிளாமும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பவை; காகிதம் இல்லாமல் எந்த நாட்டின் எல்லையையும் முறையாகத் தாண்டியிருக்க முடியாது. பத்திரம் என்று எதையாவது காட்டினாலும், அதை மாவட்ட வன அலுவலகத்தில் காட்டி எழுத்தில் பதில் வாங்கும் வரை முன்பணம்கூட கொடுக்காதீர்கள்.

லைவ் ராக்கும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பவளத் துண்டு அந்தப் பெயரில் கைமாறுவது உண்டு. அங்கே 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. செத்து வெளுத்துப்போன பவளம் என்றாலும் சட்டத்துக்குப் பவளம்தான். ஷோகேஸுக்கு அழகாக இருக்கிறதே என்று அதையும் வாங்கிவிடாதீர்கள். சுட்ட மண்ணிலோ சிமென்டிலோ செய்த நுண்துளைப் பாறை கிடைக்கிறது. பாக்டீரியா அதிலும் நன்றாகவே குடியேறும்.

மீதி இருப்பது மீன். நீல டேங் முப்பது சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். நாலடி அதற்குப் போதாது. க்ளௌன் மீன் நல்ல தேர்வு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கின்றன. கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கேட்டு, வளர்த்ததையே வாங்குங்கள். பாக்கெட் தீனிக்குப் பழகியிருக்கும். கடலில் அது ஒண்டி வாழும் அனிமோன் என்ற உயிர் இல்லாமலும் நன்றாக வாழும். "அனிமோன் இல்லாவிட்டால் செத்துவிடும்" என்று சொல்லி இன்னொரு உயிரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கேட்க வேண்டாம்.

கடையில் நிற்கும்போது, "கொஞ்சம் தீனி போடுங்க, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். பாய்ந்து வந்து சாப்பிடாத மீனையும், வயிறு ஒட்டியதையும், செவுள் படபடவென்று அடிப்பதையும், உடம்பில் உப்புத்தூள் தூவியது போல் வெள்ளைப் புள்ளி இருப்பதையும் விட்டுவிடுங்கள். அந்தத் தொட்டியில் ஒரு மீனுக்குப் புள்ளி இருந்தால் மற்றவையும் வேண்டாம். எல்லாம் ஒரே தண்ணீரில்தானே கிடக்கின்றன.

ஒரே நாளில் செட் பண்ணி மீன் விடுகிறோம் என்று சொன்னதற்காகவே நான் அந்தக் கடையை விட்டு வெளியே வந்திருப்பேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் முதல் மீன்.

அப்புறம் பணம். சேலத்தில் கடல் தொட்டி வைப்பவரின் முதல் எதிரி வெயில்தான். ஏப்ரல், மேயில் வெளியே 40 டிகிரி காய்கிற ஊர் இது. தொட்டிக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. பம்பும் லைட்டும் வேறு சூட்டை ஏற்றும். 30 தாண்டினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். உங்கள் 95,000 பட்டியலில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இயந்திரம் இல்லாததைக் கவனித்தீர்களா? கண்ணில் படுகிற சாமானெல்லாம் இருக்கிறது, உயிரைக் காப்பாற்றுகிற சாமான் இல்லை. நாலடி தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த அளவுக்குத் தாங்கும் சில்லரைக் கேளுங்கள். ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள், அது விடும் சூடு வெளியேற வழி வேண்டும். 200 வாட் இழுப்பது நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீடு என்றால் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கட்டண விகிதமே வேறு.

கொஞ்சம் சிக்கனமாக முடிக்க வேண்டுமானால் தண்ணீரின் மேல் காற்று அடிக்கும் சின்ன ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். நம் ஊர் வறண்ட காற்றில் இது சென்னையைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். ஆகவே நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: வீட்டு ஆர்ஓ தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றலாமா? அல்லது கடலூருக்குப் போகும்போது கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்துவிடலாமா? – அம்மாப்பேட்டை வாசகி

பதில்: மூன்றும் சரிவராது. சமையல் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. கடலில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட், பொட்டாசியம் எல்லாம் கணக்கோடு கலந்திருக்கின்றன. அதற்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம், 250 லிட்டருக்கு ஒன்பது கிலோ அளவு. இறக்குமதி வாளி என்றால் அதன்மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எடை அச்சிட்டிருக்க வேண்டும். வாளியைப் பிரித்து பாலித்தீன் கவரில் நிறுத்துத் தருவதை வாங்காதீர்கள், ஈரம் பட்டுக் கட்டியான உப்பின் கலவை கெட்டிருக்கும்.

வீட்டு ஆர்ஓ குடிப்பதற்கானது. பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரையே திரும்பக் கலக்கிறார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் கடினத்தன்மைக்கு, ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை ஒன்று மாட்டி, கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். கரையோரக் கடல் தண்ணீரில் சாக்கடை, படகு எண்ணெய் என்று எது கலந்திருக்கும் என்று யார் கண்டது? உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், மிதக்கும் பிளாஸ்டிக் மானியை நம்பிப் பயனில்லை.

கேள்வி: நான் தாரமங்கலத்துக்காரன், ஷார்ஜாவில் வேலை. இங்கே என் ஃபிளாட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன், காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. போன மாதம் விலை உயர்ந்த எல்இடி லைட் மாற்றினேன். பவளம் வெளுக்கிறது, கிளாம் ஓரம் சுருங்கிக் கிடக்கிறது. கடைக்காரர் நாலு பாட்டில் சத்து மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் ஊர் திரும்பும்போது தொட்டியைக் கொண்டுவர முடியுமா?

பதில்: பாட்டில்களைத் திருப்பிக் கொடுங்கள். பவளத்தின் உடம்புக்குள்ளும் கிளாமின் ஓரத் திசுவிலும் வாழும் நுண்பாசிதான் அவற்றுக்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் திடீரென்று கூடினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், வெளுப்பது அதனால்தான். புது லைட்டைப் பாதி அளவுக்குக் குறைத்து, சில வாரங்களில் மெதுவாக ஏற்றுங்கள். தண்ணீர் சூடும் இதே வேலையைச் செய்யும், அதனால் தெர்மாமீட்டரையும் ஒருமுறை பாருங்கள்.

வாங்குவதென்றால் முதலில் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை அளக்கும் சோதனை கிட். பலர் கால்சியம் கிட்டைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பவளமும் கிளாமும் ஓடு கட்ட இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன, ஆனால் ஆல்கலினிட்டி 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) இறங்கும்போது கால்சியம் ஏழு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஏழு பங்கு) அளவுதான் இறங்கும். 8 இருந்தது 6 ஆனால் கால் பங்கு போய்விட்டது. அதே நேரத்தில் கால்சியம் 420-லிருந்து 406-க்குத்தான் வந்திருக்கும், கிட்டில் அது கண்ணுக்கே தெரியாது. ஆல்கலினிட்டியை 8-க்கும் 10-க்கும் நடுவில் ஒரு எண்ணில் நிலையாக வையுங்கள். ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1,300 பக்கம் இருந்தால் போதும். மற்ற நுண்சத்துகளை வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவதே கொடுத்துவிடும். அளக்க முடியாத எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கிளாம் நடுத்துளையை அகலமாகப் பிளந்து வைத்துக்கொண்டு, நிழல் பட்டாலும் மூடாமல் கிடந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஊருக்குக் கொண்டுவருவதா? அங்கே ஏற்றுமதி அனுமதி, இங்கே இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல், அதற்குப் பிறகும் முதல் அட்டவணை. அங்கேயே நல்ல நண்பராகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, சில்லரையும் லைட்டையும் மட்டும் கொண்டுவாருங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து ஆன்லைனில் வரவழைத்த மீன் ஐந்தில் மூன்று பெட்டியைத் திறக்கும்போதே செத்திருந்தன. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. – ஓமலூர் வாசகர்

பதில்: பெட்டி பிரித்த வீடியோ, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறை. பில்லில் கெடு எழுதவில்லை என்றால் முப்பது நாள் என்று சட்டமே சொல்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதியுங்கள், பாதி விவகாரம் அங்கேயே தீரும். தீராவிட்டால் கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

ஆனால் மூன்று வாரம் கழித்து உங்கள் தொட்டியில் செத்த மீனுக்கு இதே வழி எடுபடாது. எந்தத் தண்ணீரில் கெட்டது என்று நிரூபிப்பது கஷ்டம். புது மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வீடு. எங்களுக்கும் சில்லர் வேண்டுமா? மீனோடு இறால், நத்தை விட ஆசை. கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

பதில்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சில்லருக்கு வேலையில்லை. உங்களுக்கு ஹீட்டர்தான் வேண்டும், மார்கழி இரவுக்கு அது இல்லாமல் முடியாது. பெரியது ஒன்று வாங்குவதைவிடச் சிறியது இரண்டு வாங்குங்கள். ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துபோகாது.

மழைத் தண்ணீர் வேண்டாம். காபி இலைத் துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிறார்கள் இல்லையா, மயில்துத்தம் என்றால் செம்பு. மீன் தாங்குகிற அளவுச் செம்பே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கூரையில் படிந்த சாரல் அப்படியே உங்கள் டிரம்முக்குத்தான் வரும். ஆர்ஓ, டிஐ வழியாக வந்த தண்ணீரையே ஊற்றுங்கள், வெள்ளைப் புள்ளிக்கு விற்கும் செம்பு மருந்தையும் அந்தத் தொட்டியில் விடாதீர்கள். தோட்டத்தில் மருந்து கரைத்த வாளியும் குவளையும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.