பாளையங்கோட்டையில இருந்து பெங்களூருக்கு வீடு மாத்துறோம். பைக்கை ரயில்ல போடுறதா, சாமான் லாரியிலயே ஏத்துறதா?

சாமானுக்கு லாரி பேசியாச்சுன்னு வச்சுக்கிட்டுச் சொல்றேன்: லாரியிலயே ஏத்துங்க. ரயில்தான் சல்லிசுன்னு சண்டைக்கு வருவாங்க. சென்னைக்குன்னா நானும் ரயில்னுதான் சொல்லுவேன். நெல்லை எக்ஸ்பிரஸ் நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்லயே கிளம்புற வண்டி, நிதானமா ஏத்தலாம். பெங்களூரு வண்டி நாகர்கோவில்ல இருந்து வருது, இங்க சில நிமிஷம்தான் நிக்கும். பார்சல் பெட்டி நிரம்பி வந்தா உங்க பைக் பிளாட்பாரத்துலயே கிடக்கும். அங்க போய்ச் சேர்ந்தபிறகு எடுக்கத் தாமதிச்சா வார்ஃபேஜ்னு தாமதக் கட்டணம் வேற ஏறும்.

இல்ல, ரயில்தான்னா: ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை அசலும் நகலும் வேணும். டேங்க்ல பெட்ரோல் கூடாது. ஹேண்டில் லாக் போடாதீங்க, உருட்ட முடியாது. பேர், ஊர், போன் நம்பரை அட்டையில எழுதிக் கட்டுறதோட, பைக்கைச் சுத்துற சாக்கு மேலயும் பெயிண்ட்ல எழுதுங்க, அட்டை பிஞ்சுரும். சாக்கை நேரா டேங்க்ல சுத்தினா குலுங்குற குலுக்கல்ல உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உள்ள ஒரு பழைய போர்வை போடணும்.

லாரிக்கும் பெட்ரோலை எடுத்துரணும். கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் டேப்ல இருந்து டியூப்பைக் கழத்தி, ரிசர்வ்ல வச்சு வடிச்சுட்டு, கார்புரேட்டர் அடியில இருக்கிற ஸ்க்ரூவையும் தளர்த்தி மிச்சத்தை விடுங்க. எஃப்.ஐ. வண்டியில, அதாவது கார்புரேட்டர் இல்லாம பெட்ரோலைப் பீச்சுற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில, டேங்க் மூடி வழியா கைப்பம்புல உறிஞ்சணும். 'ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டுத் தீத்துரு'ன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. டேங்குக்குள்ள இருக்கிற பம்பு பெட்ரோல்லதான் குளிர்ச்சி ஆகுது, வெறுமனே ஓடினா போயிரும். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழத்துங்க. கண்ணாடி ரெண்டையும் எடுத்துருங்க. கிளட்ச், பிரேக் லிவர் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வச்சா, இடிச்சாலும் லிவர் திரும்புமே தவிர ஒடியாது.

நெறைய வண்டி கெடுறது கட்டுற இடத்துலதான். சைடு ஸ்டாண்டு போட்டு இறுக்கிக் கட்டுறதுதான் ஊர் வழக்கம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மொத்த பாரமும் அந்த ஒத்தைக் கால்ல இறங்கி, ஸ்டாண்டு வளையும், இல்ல அது மாட்டியிருக்கிற ஃபிரேம் காது விரிசல் விடும். ஸ்டாண்டை மடக்கிருங்க. முன்சக்கரம் கேபின் பக்கப் பலகையில முட்டட்டும், நடுவுல மெத்தையை மடிச்சு வைங்க. கியர் ஒண்ணுல இருக்கட்டும். முன்னால ஹேண்டில் நுனியில கட்டாம, முன்சக்கர ஃபோர்க் குழாய் ரெண்டையும் மேல சேத்துப் பிடிச்சிருக்கிற 'டீ'ங்கிற இரும்புல ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டு, ஃபோர்க் பாதி அமுங்குற வரைக்கும் இழுங்க. முழுசா அமுக்கினா ஆயில் சீல் கசியும். பின்னால ஃபிரேம்லயோ பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்லயோ ரெண்டு கட்டு. சைலன்சர்ல கூடவே கூடாது. நைலான் கயிறு இழுத்து இழுத்து தொய்ஞ்சிரும், பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குற ராட்செட் பெல்ட்டே நல்லது. கயிறுதான்னா கயத்தாறுல ஒருதரம், மதுரையில ஒருதரம் நிறுத்தி இறுக்கச் சொல்லுங்க. லாரியோட கடைசியில, பின் அச்சுக்கு அந்தப்பக்கம் ஏத்தவிடாதீங்க, அங்கதான் தூக்கிப்போடும். கிரைண்டர் கல்லையும் பீரோவையும் பக்கத்துல வைக்காதீங்க.

ஓட்டிட்டே போயிரலாமேன்னு சொல்ற வீரர்களும் உண்டு. 600 கிலோமீட்டர் வாக்குல இருக்கு. வீடு காலி பண்ணின அலுப்போட அது வேண்டாத வேலை.

லாரிக்காரங்க, வழியில வர்ற சேதத்துக்கு 'டிரான்சிட் இன்சூரன்ஸ்'னு தனியாக் காசு கேட்டா, எந்தக் கம்பெனி பாலிசின்னு காகிதத்தைக் கேளுங்க, பாதிப்பேர்கிட்ட இருக்காது. உங்க பைக்குக்கு ஓன் டேமேஜும் (சொந்த வண்டிக்கு வர்ற சேதம்) சேர்ந்த முழு இன்சூரன்ஸ் இருந்தா, லாரியிலயோ ரயில்லயோ போகும்போது வர்ற சேதமும் அதுல அடக்கம். தேர்ட் பார்ட்டி மட்டும்னா கிடையாது. அதோட ஒசூர் கிட்ட வந்ததும் போனைப் போட்டு 'பார்டர் டாக்ஸ்' கேப்பானுங்க பாருங்க, அந்தக் கூத்துக்கு என்னதான் முடிவோ! விக்காம கொண்டுபோற பழைய வீட்டுச் சாமானுக்கும் சொந்த பைக்குக்கும் வழியில ஒரு வரியும் இல்ல. பேசின தொகையில பாதியையாவது இறக்கினபிறகு குடுங்க, இந்த போன் வராது.

பெங்களூருல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கிறதா இருந்தா டிஎன் 72 நம்பரை மாத்தியாகணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல படிவம் 28 குடுத்து தடையில்லாச் சான்று வாங்கிக்கிட்டே போங்க.

இறக்கினதும் உடனே செல்ஃப் அடிக்காதீங்க. பேட்டரி வயரை மாட்டி, ஆயில் அளவு பாத்து, ரெண்டு லிட்டர் பெட்ரோல் ஊத்தி, எஃப்.ஐ.ன்னா சாவியை மூணு தடவை ஆன், ஆஃப் பண்ணி, பம்பு சத்தம் கேட்டபிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.