மழை வந்தால் நெட் படுத்துவிடுகிறதா? மோடத்தை மாற்றாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். டெலிபோன் கம்பி வழியாக வரும் பிராட்பேண்ட்தான். கோவை பிரஸ்ஸுக்கு 20 எம்பி ஆல்பம் அனுப்ப, ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் ஆகிறது. புது மோடம் போட்டால் சரியாகும் என்று ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மழையில் நனைவது மோடம் அல்ல, கம்பி. உங்கள் அப்லோடு வேகம் 512 கேபிபிஎஸ் என்றால் அந்த ஆல்பம் சுமார் ஆறு நிமிடத்தில் போய்விட வேண்டும். (பிளானில் இருப்பது பிட் கணக்கு, கோப்பு பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் நொடிக்கு 64 கேபி. டயல்-அப் காலத்திலிருந்தே பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.)

இடி இல்லாத நேரத்தில் போனை எடுத்து ஏதாவது ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றதும் நிசப்தமாக இருக்க வேண்டும். கரகரவென்று கேட்டால் எங்கோ ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடுத்து, வீட்டுக்குள் கம்பி நுழையும் ரோசெட் பெட்டியிலேயே, ஸ்ப்ளிட்டர் (லைனை போனுக்கும் மோடத்துக்கும் பிரிக்கும் டப்பா), பேரலல் போன் எதுவும் இல்லாமல், மோடத்தை நேராகச் செருகிப் பாருங்கள். வேகம் திரும்பினால் கோளாறு வீட்டு வயரிங்கில். திரும்பாவிட்டால் வெளியே.

பிரவுசரில் திறக்கும் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) 'எஸ்என்ஆர் மார்ஜின்' என்ற எண்ணை, அதாவது இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதை, வெயில் மதியம் ஒருமுறை, மழை இரவில் ஒருமுறை குறித்து வையுங்கள். 10 டெசிபலுக்கு மேல் நல்லது. 6-க்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து ஒட்டலாம், ஒவ்வொரு முறையும் வேகம் குறையலாம். சேதமான தகவலை மறுபடி மறுபடி அனுப்புவதில்தான் உங்கள் அரை மணி கரைகிறது.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லவே சொல்லாதீர்கள். "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுவார்கள். "போனில் இரைச்சல், டிபி பெட்டியிலிருந்து வரும் டிராப் வயரைப் பாருங்கள்" (டிபி என்பது லைன்கள் வீடுகளுக்குப் பிரியும் பெட்டி, டிராப் வயர் அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி) என்று அந்த இரண்டு எண்களோடு எழுதிக் கொடுங்கள். வருபவர் "பேச்சு கேக்குதே, லைன் நல்லாத்தான் இருக்கு" என்பார். பச்சைக் களிம்பு பிடித்த செம்பில் பேச்சு கேட்கும், டேட்டா சரியாகப் போகாது. ஜாயின்ட்டை வெட்டி, தண்ணீர் புகாதபடி உள்ளே ஜெல் நிரப்பிய ஜெல்லி கனெக்டர் போடச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அதே கதை. ஒவ்வொரு ஐப்பசியிலும் அதே கம்பத்தில் அதே டேப்பைச் சுற்றுவதை வேலை என்று கணக்கெழுதுகிறார்கள். இந்த நிலையில்தான் "உள்ளே ஆள் இருக்கு, கம்பி ஜோடியை மாத்தித் தர்றேன்" என்று இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். பழுதான கம்பி ஜோடியை மாற்றுவது நிறுவனத்தின் வேலை. ஒரு பைசா கொடுக்க வேண்டாம். 'ஸ்பீடு பூஸ்டர்' டப்பாவும் அப்படித்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இரைச்சல் இல்லை, எண்ணும் மழையில் இறங்கவில்லை, ஆனாலும் மெதுவாக இருக்கிறதென்றால் வைஃபையில் இருக்கும் செல்போன்களைப் பாருங்கள். எடுத்த படங்களை அவை தாமாகவே பேக்கப் ஏற்றிக்கொண்டிருக்கும். 512 கேபிபிஎஸ் பாதையை ஒரு செல்போனே அடைத்துவிடும். அப்போது டவுன்லோடும் தள்ளாடும், ஏனென்றால் "வந்து சேர்ந்தது" என்ற பதிலும் அதே குறுகிய பாதையில்தான் போக வேண்டும். எல்லாச் செல்போனிலும் வைஃபையை அணைத்து, கேபிளில் செருகிய ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஆல்பத்தை அனுப்பிப் பாருங்கள். ஆறு நிமிடத்தில் போனால் லைன்மேனைக் கூப்பிடவே வேண்டாம், பேக்கப்பை ராத்திரி நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.