வீட்டில் சொல்லாததை மேடையில் சொல்கிறார்

கேள்வி: என் கணவர் அல்சூர் எம்.இ.ஜி.யில் (ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படை) பயிற்சி முடித்து 24 வருஷம் ராணுவத்தில் இருந்தவர். 2020-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது ஒயிட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறார். ஒரு வருஷமாக சனிக்கிழமை ராத்திரிகளில் இந்திராநகர்ப் பக்கம் ஒரு காஃபேயில் ‘ஓப்பன் மைக்’ என்று போய்த் தமிழில் காமெடி செய்கிறார். 2002-ல், எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைத்து, அப்புறம் அதையே தோண்டி எடுக்கும் வேலையில் இருந்தாராம். என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். ‘எங்க வேலையில ஒரு வசதி. தப்பு பண்ணினா யாரும் திட்ட முடியாது, திட்டு வாங்க ஆள் இருக்காது’ என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கால் போன நண்பரோடு செருப்பு வாங்கப் போனதைக்கூட ஜோக்காகச் சொல்கிறார். என் அண்ணனும் முன்னாள் ராணுவம்தான். ‘ரெஜிமென்டுக்கே அவமானம்’ என்று குதிக்கிறார். இப்போது என் கணவர் குறும்படம் எடுக்க ஓய்வுப் பணத்திலிருந்து 5 லட்சம் எடுக்கப் போகிறாராம். மகள் பி.காம். இரண்டாம் வருஷம். நிகழ்ச்சி முடிந்து வந்தால் அவர் விடியும்வரை தூங்குவதில்லை. தூங்கினாலும் கத்திக்கொண்டு எழுகிறார். அடுத்து என்னைப் பற்றியும் ஜோக் எழுதுகிறாராம். நிறுத்தச் சொல்லட்டுமா?
— பெயர் வேண்டாம், மர்பி டவுன், பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வி இல்லை, நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘காமெடி’ என்ற ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உங்கள் அண்ணனை முடித்துவிடலாம், அது சுலபம். அவர் எந்த யூனிட்டில் இருந்தாரோ தெரியாது, ஆனால் படாகானா சாப்பிடாமல் ஓய்வு பெற்றிருக்க முடியாது. அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த ராத்திரியில் என்ன நடக்கும் என்று அவரையே கேளுங்கள். சிப்பாய்கள் மேடை ஏறி சுபேதார் சாப் நடப்பதுபோல நடப்பார்கள், கமாண்டிங் ஆபீசர் பேசுவதுபோலப் பேசுவார்கள். அந்த கமாண்டிங் ஆபீசரே முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். உங்கள் கணவர் காமெடியைக் காஃபேயில் கற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம். ராணுவம்தான் கற்றுக்கொடுத்திருக்கும்.

இவர் முதல் ஆளும் இல்லை. மெல் புரூக்ஸ் என்று ஓர் அமெரிக்கர். 1926-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில், மீசை அரும்பும் வயதில், போர்ப் பொறியாளர் படையில் ஐரோப்பாவுக்குப் போனார். வேலை என்ன தெரியுமா? கண்ணிவெடி தேடி அகற்றுவது. உங்கள் வீட்டுக்காரர் செய்த அதே வேலை. சண்டை ஓய்ந்ததும் ஜெர்மனியிலேயே சக வீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்தினார். ஊர் திரும்பி ஓட்டல்களில் டிரம்ஸ் வாசித்தார், ஜோக் சொன்னார், டெலிவிஷனுக்கு எழுதினார். அவர் இயக்கிய முதல் படம் 1967-ல் வந்தது. அதில் ஹிட்லரை வைத்தே ஒரு கூத்து. எழுதியவர் யூதர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அப்போதும் ‘இது அவமானம்’ என்றவர்கள் இருந்தார்கள். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ரெஜிமென்டின் மானம் பற்றி அண்ணன் இன்னும் கவலைப்பட்டால் சுபேதார் சுப்பிரமணியனை நினைவுபடுத்துங்கள். 1944-ல் இத்தாலியில் மிக்னானோ அருகே வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிய மெட்ராஸ் சாப்பர், அதாவது அதே எம்.இ.ஜி. படைக்காரர். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றவர். 1780-லிருந்து இருக்கும் ஒரு படையின் பெருமை, சனிக்கிழமை ராத்திரி ஒரு காஃபேயில் கரைந்துபோகுமா?

ஆனால் அண்ணன் சொல்வதில் ஒரு துளி நியாயம் உண்டு, அதைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். யூனிட் எங்கே இருந்தது, எப்படிப் புதைத்தார்கள், என்ன வரிசை என்பதெல்லாம் மேடையில் வரக்கூடாது. அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் பிடிக்கும். சீருடை மாட்டிக்கொண்டு மேடை ஏறுவதும் வேண்டாம். குறும்படத்தில் ராணுவம் வந்தால், பாதுகாப்பு அமைச்சகம் 2020-ல் படம், வெப் சீரிஸ் எடுப்பவர்களிடம் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். கதை ஓய்வுபெற்ற சிப்பாயின் வீட்டுக்குள்ளேயே நடந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். படமும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். இது நீங்கள் கேட்காத யோசனை.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வலிப்பது அந்த ஜோக் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, கணவரின் வாழ்க்கையிலேயே பெரிய சம்பவத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் பார்க்க நேர்ந்ததுதான். ‘என்னிடம் சொல்லாததைக் காபி குடிக்க வந்தவனிடம் சொல்கிறாரே’ என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது.

ஏன் அப்படி என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ராணுவம் எல்லைக்கு நகர்ந்தது. ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்று பெயர். பத்து மாதம் நின்றார்கள். போர் வரவில்லை. ஆனால் கண்ணிவெடி புதைத்தவர்களுக்கு அது வந்தது. புதைக்கும்போதும் ஆட்கள் செத்தார்கள், எடுக்கும்போதும் செத்தார்கள். பாலைவனத்தில் மணல் நகரும். அதோடு வெடியும் நகரும். வரைபடத்தில் குறித்த இடத்தில் அது இருக்காது. கார்கில் வீரருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சிகரத்தின் பெயர் இருக்கிறது. இவருக்கு என்ன இருக்கிறது? நடக்காத போரில் நண்பன் கால் போனதை வீட்டில் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பார்? ஆரம்பித்தாலும் நீங்கள் ‘ஐயோ, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பீர்கள். அன்பால்தான் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொன்னால் இன்னொன்று கேட்பீர்கள். மேடையில் அந்தத் தொல்லை கிடையாது. கதை எங்கே நிற்கவேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். அந்த இடத்தில் சிரிப்பு வருகிறது. அடுத்த ஜோக்குக்குப் போய்விடலாம். முன்னால் இருப்பவர்களுக்கு அவர் யாரோ. மறுநாள் காலை அவர்கள் முகத்தில் விழிக்கவேண்டியதில்லை.

இது உங்கள்மேல் நம்பிக்கை இல்லாததால் வந்ததாக நான் நினைக்கவில்லை. அதற்காக உங்கள் வருத்தம் தப்பு என்றும் சொல்லமாட்டேன். ஒரு சனிக்கிழமை நீங்களே போய் உட்காருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று போய் நிற்காதீர்கள். பாவம், வரி மறந்துவிடும். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றும் கேட்காதீர்கள். எந்த ஜோக் பிடித்தது என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் எப்போது சொல்கிறாரோ அப்போது சொல்லட்டும். சொல்லாமலே இருக்கலாம். அப்படியானால் அதையும் ஏற்கவேண்டிவரும்.

கால் போன நண்பர் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். செருப்புக்கடை ஜோக் அவருக்குத் தெரியுமா? அவர் கேட்டுச் சிரித்தாரா? தன் பயத்தை, தன் முட்டாள்தனத்தை, தன் தொப்பையைச் சொல்லிச் சிரிக்கவைக்க யார் அனுமதியும் வேண்டாம். அந்தக் கால் இவருடையது இல்லை. ஒரு போன் போட்டு முழு ஜோக்கையும் சொல்லிக்காட்டட்டும். இருவரும் சாப்பர்கள் என்றால், அந்த நண்பர் இதைவிட மோசமான ஜோக் ஒன்றைப் பதிலுக்குச் சொன்னாலும் சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு கைதட்டல் வாங்கிய ஜோக் என்றாலும் எடுத்துவிடவேண்டும்.

தூக்கம்தான் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. பேசிச் சிரித்தாலே மனபாரம் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். ஸ்பைக் மில்லிகனைப் பாருங்கள். நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம், 1918-ல் அகமத்நகரில் பிறந்து புனேயில் வளர்ந்த பிரிட்டிஷ் சிப்பாய் மகன். அதே 1944-ல், அதே இத்தாலியில், காசினோ போர்முனையில் மோர்ட்டார் குண்டில் அடிபட்டார். காலில் பட்ட காயம் ஆறியது. கை நடுக்கமும் பேச்சுத் திக்கலும் உடனே போகவில்லை. மேலதிகாரி அவருடைய பதவியைப் பிடுங்கிவிட்டார். பிறகு ராணுவத்திலேயே சிப்பாய்களைச் சிரிக்கவைக்கும் வேலைக்குப் போனார். 1951-லிருந்து பி.பி.சி. வானொலியில் அவர் எழுதிய நிகழ்ச்சி இங்கிலாந்தின் நகைச்சுவையையே மாற்றியது. ஊரே சிரித்தது. அவரோ அந்த நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே மனம் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வாழ்நாள் முழுக்க அந்த நோயோடு மல்லுக்கட்டினார். சிரிப்பு அவருக்கு வேலையாக இருந்தது. வைத்தியமாக இருக்கவில்லை.

அதனால் மேடை வேறு, மருத்துவர் வேறு. மருத்துவரிடம் போவதற்குக் காமெடியைக் காரணமாக்காதீர்கள், ‘நீ மேடை ஏறியதால்தான் இப்படி’ என்று ஆரம்பித்தால் அதோடு கதவு மூடிவிடும். ‘தூக்கம் வரவில்லையே, அதைக் காட்டலாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். ராணுவ ஓய்வூதியர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் 14416, ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உங்களுக்காகவும் பேசலாம். நடுராத்திரி கத்தலில் எழுந்து உட்காருவது அவர் மட்டும் இல்லையே.

பணம். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஓய்வுபெறும்போது கையில் வந்த அந்தப் பெரிய தொகையில் கம்யூட்டேஷன் பணமும் இருந்தால், அது ராணுவம் கொடுத்த பரிசு இல்லை. பென்ஷனில் பாதிவரை முன்கூட்டியே விற்று வாங்கியது. 15 வருஷம் கழித்துத்தான் முழுப் பென்ஷன் திரும்பும். உங்களுக்கு அது 2035. அதுவரை மாதாமாதம் பிடித்தமாகிக்கொண்டிருக்கும் பணத்தை ஒரு குறும்படத்தில் போடுவது, வரப்போகிற வருஷங்களின் பென்ஷனில் கைவைப்பதற்குச் சமம். மகள் படிப்பு முடியும்வரை அதைத் தொடவேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அதற்காகப் படமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மெல் புரூக்ஸ் போரிலிருந்து திரும்பி முதல் படம் எடுக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த வருஷங்களில் அவர் பெரும்பாலும் செய்தது எழுத்துதான். உங்கள் கணவர் மேடை ஏறி ஒரு வருஷம்தான் ஆகிறது. முதலில் பத்துப் பக்கம் எழுதட்டும். போனில் ஐந்து நிமிஷப் படம் ஒன்று எடுத்துப் பார்க்கட்டும். நடிக்க அந்த அபார்ட்மென்டின் நைட் ஷிப்ட் ஆட்களே போதும், முன்னாள் ராணுவத்தினர் அங்கேயே நாலு பேராவது இருப்பார்கள். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. காஃபே கூட்டம் சிரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மர்பி டவுன் பெரியவர்களும் ரிட்டயர்டு சாப்பர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அரைமணி நேரம் நிகழ்ச்சி நடத்தட்டும். அங்கே எந்த ஜோக் நிற்கிறது, எது விழுகிறது என்று பார்த்தபிறகு படத்துக்குச் செலவு செய்வது பற்றிப் பேசலாம். அப்போதும் ஒரு தொகையை நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிவைத்து, அதற்குமேல் ஒரு ரூபாய்கூட இல்லை என்று முடிவு செய்யுங்கள்.

உங்களைப் பற்றி எழுதும் ஜோக்கா? மேடை ஏறுவதற்கு முன்பு உங்களிடம் படித்துக்காட்டவேண்டும், நண்பருக்குச் சொன்ன அதே சட்டம்தான். பொண்டாட்டி சமையல், பொண்டாட்டி கோபம் என்று இருந்தால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் அந்த வரியை அடித்துவிடுங்கள். பாலைவனத்தில் கண்ணிவெடி தேடியவருக்குச் சொல்ல அதைவிடப் புதிதாக ஏதாவது இருக்கும். நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். அண்ணனுக்கும் முன்வரிசையில் ஒரு சீட் பிடித்துவையுங்கள், டிக்கெட் காசு அவரே கொடுக்கட்டும்.