ஒரே அச்சில் பிறந்தவை: பழைய ஃபைபர் பந்தயப் படகுகள் பற்றிக் கேள்வி பதில்

ஃப்ளோரிடாவில் பழைய ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதிலும் 1960, 70களின் வேகப் படகு என்றால் எனக்கு உயிர். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, அந்தக் காலத்தில் பந்தயப் படகு என்றால் மரம்தானே? ஃபைபர் எப்படி உள்ளே வந்தது? (கல்லூரி மாணவி, சென்னை)

மரம்தான். கண்ணாடி இழையையும் பாலியஸ்டர் ரெசினையும் சேர்த்துப் படகு செய்யலாம் என்று 1942-லேயே ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோவில் ரே கிரீன் செய்து காட்டிவிட்டார். ஆனாலும் வேகத்துக்கு மரத்தைத்தான் நம்பினார்கள். எது திருப்புமுனை என்று கேட்டால், நான் 1960-இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு நடந்த பந்தயத்தைச் சொல்வேன்.

அன்று ஜெயித்த 'மாப்பி'யும் மரப்படகுதான். வரைந்தவர் ரே ஹன்ட். அவர் வரைந்த ஒரு சின்னப் படகு 1958-இல் நியூபோர்ட்டில் அலைகளுக்கு நடுவே அலட்டிக்கொள்ளாமல் ஓடியதைப் பார்த்த மயாமி படகு வியாபாரி டிக் பெர்ட்ராம், அதே அடிப்பாகத்தோடு தனக்கும் ஒன்று வேண்டுமென்று கட்டிக்கொண்டார். தன் மனைவியின் செல்லப் பெயரையே அதற்கு வைத்தார். பந்தய நாளில் கடல் கடுங்கொந்தளிப்பு. சாம் கிரிஃபித் ஓட்ட, மாப்பி சுமார் 8 மணி நேரத்தில் நசாவ் சேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட்டின் அடிப்பாகம் கொண்ட படகுதான். மூன்றாவது படகு மறுநாள்தான் கரை கண்டது!

அப்புறம் பெர்ட்ராம் செய்ததுதான் எனக்கு முக்கியம். அந்த மரப்படகையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தார். அதில் வார்த்த ஃபைபர் படகுதான் 1961-இல் வந்த 'பெர்ட்ராம் 31'. 1983 வரை 1,800-க்கும் மேல் செய்தார்கள். மரத்தில் ஒவ்வொரு படகும் ஒவ்வொரு தச்சரின் கைவாகு. அச்சில் அப்படி இல்லை. நசாவில் ஜெயித்த அதே வளைவு, அதே கோணம், கடையில் பணம் கட்டி வாங்கியவருக்கும் கிடைத்தது. இந்தப் படகுகள் மேல் எனக்குள்ள பித்தெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த அடிப்பாகத்தில் அப்படி என்ன விசேஷம்?

உள்ளங்கையால் தண்ணீரை அறைந்து பாருங்கள். அப்புறம் கையைச் செங்குத்தாகத் திருப்பி விளிம்பால் வெட்டிப் பாருங்கள். அதுதான் வித்தியாசம். முன்பிருந்த வேகப் படகுகளிலும் அணியத்தில், அதாவது முன்பகுதியில், 'வி' வடிவம் உண்டு. பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். அதனால் அலை தாண்டி விழும்போதெல்லாம் முதுகெலும்பு நொறுங்குவது போல அடி விழும். ஹன்ட் அந்த 'வி'யைப் பின்பலகை வரைக்கும் விடாமல், ஏறக்குறைய 24 டிகிரி சரிவோடு இழுத்துக்கொண்டு போனார். அடியில் நீளவாக்கில் சின்னச் சின்ன வரம்புகள் வைத்தார். அவை தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிப் படகைத் தூக்கிக் கொடுக்கும்.

இதற்கு விலையும் உண்டு. தட்டைப் படகைவிட அதிக இன்ஜின் சக்தி கேட்கும். நிற்கும்போது பக்கத்துக்குப் பக்கம் ஆடும்.

'சிகரெட் போட்' என்கிறார்களே, அது ஒரு வகையா, கம்பெனியா?

கம்பெனி. டான் அரோனோவ் தொடங்கியது. கட்டடத் தொழிலில் சம்பாதித்துவிட்டு மயாமிக்கு வந்தவர் அவர். ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார், விற்றார், அடுத்ததைத் தொடங்கினார். எல்லாம் பத்தே வருடத்துக்குள். பட்டறைகள் எல்லாம் வட மயாமியில் 188-ஆம் தெருவில். தானே பந்தயத்தில் ஓட்டி, 1967-லும் 1969-லும் உலகப் பட்டம் வாங்கினார். அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கடத்தல் படகு ஒன்றின் பெயர்தான் 'சிகரெட்'. 1987 பிப்ரவரியில் அதே தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவர் காலத்து 16 அடி டான்ஸியைப் பற்றிப் பேசத்தான் ஆசை. வால்ட் வால்டர்ஸும் ஜிம் வின்னும் வரைந்தது. அவ்வளவு சின்னப் படகுக்குள் பெரும்கடல் படகின் அடிப்பாகத்தை அப்படியே அடக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கவாட்டுக் கோட்டில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

இந்தக் கதையில் நம் பக்கத்து ஆள் யாருமே இல்லையா சார்?

ஒருவர் இருக்கிறார். சன்னி லெவி. இத்தாலியக் குடும்பம், பிறந்தது கராச்சியில். பம்பாயில் படகு கட்டிப் பழகிவிட்டுத்தான் இத்தாலிக்குப் போனார். அவர் வரைந்த 'அ ஸ்பெரான்ஸியெல்லா' 1963-இல் இங்கிலாந்தின் கௌஸ்–டார்க்வே பந்தயத்தில் ஜெயித்தது. அது மரம்தான், ஆனால் அவர் வரைந்த வடிவங்களின் சாயல் பின்னால் வந்த ஃபைபர் படகுகளில் நிறையத் தெரியும்.

எங்கள் ஊரிலும் ஃபைபர் போட்டுதான். அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (மீனவர், நாகப்பட்டினம்)

சாமான் ஒன்றுதான் அண்ணே. அதே கண்ணாடி இழை மேட், அதே ரெசின், அதே மூக்கைத் துளைக்கும் வாடை. வேலை வேறு. உங்கள் படகு அலையில் ஏறி மணலில் வந்து அமர வேண்டும், வலையும் மீனும் சுமக்க வேண்டும். 24 டிகிரி 'வி'யை மணலில் ஏற்றினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். எந்தக் கடலுக்கு எந்த அடிப்பாகம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1960, 70களின் படகு ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (ஹூஸ்டன்)

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். முதலில் இன்ஜின் தொங்கும் பின்பலகையைப் பாருங்கள். வெளியே ஃபைபர், உள்ளே ப்ளைவுட். ஃபைபர் அறுபது வருடம் தாங்கும், ப்ளைவுட் தாங்காது.

சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். உளுத்த இடம் ஈரச் சாக்கைத் தட்டியது போல 'தொப்' என்று அடங்கிவிடும். நான் வாங்கிய முதல் படகு பார்க்கப் புதிது போல இருந்தது. உள்பக்கம் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். துரப்பணத்தோடு வெளியே வந்தது மரத்தூள் இல்லை, கறுப்புக் களி. ஓட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு கருவியைத் திருகிவிட்டு, திருகு போன துளையை அடைக்காமல் விட்டிருக்கிறார். அவ்வளவுதான் காரணம்.

சரி செய்யலாம். உள்பக்கத்து ஃபைபரை வெட்டி எடுத்து, மரத்தைச் சுரண்டி, புது மரைன் ப்ளைவுட்டை எபாக்ஸியில் ஒட்டி, மேலே மறுபடி கண்ணாடித் துணி போட வேண்டும். எனக்கு மூன்று மாதம் சனி, ஞாயிறு எல்லாம் போனது. வெளித்தோலை மட்டும் தொடாதீர்கள். மூல அச்சின் வடிவம் அதில்தான் இருக்கிறது.

அடுத்து, படகின் அடியில் பின்புறம் நேரான நீளச் சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் சரியில்லாத ட்ரெய்லரில் உட்கார்ந்த படகின் அடி குழிந்திருக்கும். சில மில்லிமீட்டர் குழிவுகூட வேகத்தில் அணியத்தை அழுத்தும்.

புது இன்ஜின் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய 150 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் 200 கிலோவைத் தாண்டும். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் மெர்க்குரி இன்ஜின் அதைவிட வெகு லேசு. அந்த எடைக்கு வரைந்த படகு இது. சக்தி குறைந்தாலும் பரவாயில்லை, எடையைக் கூட்டாதீர்கள்.

வேகம் கூடியதும் என் படகு இடமும் வலமும் துள்ளுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். 'சைன் வாக்' என்பார்கள். வேகம் ஏற ஏறப் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி, கடைசியில் 'வி'யின் நுனியில் சைக்கிள் போல ஓடும். ப்ரொப்பெல்லரின் முறுக்கு ஒரு பக்கம் இழுக்கும். நீங்கள் திருப்பிச் சரிசெய்வதற்குள் அது மறுபக்கம் சாய்ந்திருக்கும். 70களில் ஹைட்ரோஸ்ட்ரீம், ஆலிசன் படகுகளில் அந்த நுனியைக் கொஞ்சம் தட்டையாக்கி ஒரு பட்டை வைத்தது, அதன்மேல் படகு எழும்பி ஓடத்தான்.

முதலில் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் அளவு ஆட்டம் இருந்தாலும் வேகத்தை எட்டவே வேண்டாம். நீங்கள் தூக்கி எறியப்பட்டால் இன்ஜினை நிறுத்திவிடும் கயிறான கில் கார்டைக் கட்டிக்கொள்ளாமல் இன்ஜினைத் தொடாதீர்கள்.

அந்த ஜிகினா பெயின்ட் எப்படி அடிக்கிறார்கள்?

அது பெயின்ட் இல்லை. நிறம் தரும் ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சுதான் அச்சுக்குள் முதலில் போவது. அதில் பொடிப் பொடியான உலோகத் தாள் துணுக்குகளைக் கலந்து தெளிப்பார்கள். அதன்மேல்தான் மேட்டும் ரெசினும். படகை அச்சிலிருந்து கழற்றும்போது, முதலில் தெளித்தது வெளியே வந்து நிற்கும். காலை வெயிலில் அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணுக்குகள் வெவ்வேறு ஆழத்தில் மிதப்பது தெரியும். நகர்ந்தால் அவையும் நகர்வது போல இருக்கும். டெக்சஸில் செய்த கிளாஸ்ட்ரான் படகுகளில் இதை நிறையப் பார்க்கலாம். 1972-இல் லூசியானாவில் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக 110 அடி தாண்டிப் பறந்ததும் கிளாஸ்ட்ரான்தான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே தொடங்கலாம் அண்ணா? (முதல் கேள்வி கேட்ட மாணவி)

ஒரு அடி நீளத்துக்கு மரத்தில் ஒரு படகு செதுக்குங்கள் தங்கச்சி. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வழவழப்பாக்குங்கள், ஏனென்றால் மரத்தில் விட்ட ஒவ்வொரு கீறலும் அச்சில் பதியும். அப்புறம் மெழுகு ஐந்து கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் காயவிட்டுத் துடையுங்கள். அதன்மேல் மேட்டும் ரெசினும் போட்டு எடுத்தால் அது அச்சு. அந்த அச்சுக்குள்ளும் அதே போல மெழுகு பூசி, மறுபடி மேட்டும் ரெசினும் போட்டால் படகு. மெழுகு போதவில்லையென்றால் படகும் அச்சும் ஒட்டிக்கொண்டு இரண்டும் போய்விடும். கையுறையும் முகமூடியும் கட்டாயம், மொட்டைமாடியில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள், ரெசினின் எடைக்கு 1 முதல் 2 சதவீதம் என்று அளந்து விடுங்கள். அச்சிலிருந்து படகு கழலும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டதும் எனக்கு எழுதுங்கள்.